எண்ணப்பட்ட இடம்

“இன்னாம்மா இது, செவப்பாவே நிக்குது?” என்று கேட்டாள் தேசம்மா.

ஜெபசீலி கோட்டை அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். சமூகக்கூடத்தின் சுவரில் விழுந்த வரைபடத்தில் அந்தக் கோடு சதுப்புநிலத்தின் ஓரமாகப் போய், கால்வாயைத் தொட்டு, அலையாத்தி நகரின் குடியிருப்புக் கட்டடங்கள் அத்தனையையும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. உள்ளே நிறம் பரவியது. மீண்டும் சிவப்பு. கீழே ஒரு வரி: ‘தொகுதி ஆவதற்குப் போதிய மக்கள்தொகை இல்லை.’

கூட்டம் சிரித்தது. “எங்க பிளாக்குல மட்டுமே ஒரு தொகுதிக்கு ஆளு தேறும்” என்று யாரோ சொன்னார்கள்.

ஜெபசீலி சிரிக்கவில்லை. ‘எல்லைக்கல்’ என்ற அந்த மென்பொருளை எழுதியவர்களில் அவள் முதலாமவள். தொகுதி மறுவரையறை என்பது அதிகாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் காரியமாக இருக்கக் கூடாது, எந்தக் குடிமகனும் தன் தெருவைப் பார்த்து, தானே ஒரு வரைபடம் போட்டு, ‘இது ஏன் கூடாது?’ என்று கேட்க முடியவேண்டும் என்று அவளும் ஆறேழு நண்பர்களும் சேர்ந்து எழுதியது. இலவசம். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், தங்கள் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். புதிய சட்டம் வந்தபோது எல்லை ஆணையமே அதைத்தான் எடுத்துக்கொண்டது. மக்கள் தரும் வரைபடங்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட மென்பொருள் இரண்டு லட்சம் பேர் வாழும் இடத்தைப் பார்த்து ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஆற்றங்கரையிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் சென்னை பிடுங்கி எறிந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம் அலையாத்தி நகர். இதுவரை இரண்டு தொகுதிகளின் ஓரத்தில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு எம்.எல்.ஏ.க்களுக்கும் அது அடுத்தவர் பாடு. ஆஸ்பத்திரி கட்டுவதாகச் சொல்லிப் போட்ட சுற்றுச்சுவருக்குள் ஆடு மேய்ந்தது. இந்தமுறை தங்களுக்கென்று ஒரு தொகுதி வாங்கியே தீருவது என்று குடியிருப்போர் சங்கம் முடிவு செய்திருந்தது. சங்கத் தலைவி தேசம்மா. தனியார் மருத்துவமனை ஒன்றில் இரவுநேர வார்டு உதவியாளர். அங்கே தொழிற்சங்கம் கட்டி, வேலைநிறுத்தம் நடத்தி, இரண்டு தடவை சிறைக்குப் போய் வந்தவள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல்.

“உன் மெஷினு பொய் சொல்லுதா, இல்ல நாங்க பொய்யா?”

“மென்பொருள் பொய் சொல்லலக்கா. அதுக்குக் குடுத்த கணக்கு அப்படி இருக்கு” என்றாள் ஜெபசீலி. “இந்தத் தடவை யாராவது வீட்டுக்கு வந்து ஆளை எண்ணினாங்களா?”

“எவனும் வரல.”

“வரமாட்டாங்க. போன்ல வர்ற சிக்னலை வெச்சே எண்ணிட்டாங்க. ராத்திரியில உங்க போன் எங்க அசையாம கிடக்குதோ, அங்கதான் நீங்க குடியிருக்கீங்கன்னு அர்த்தம்.”

தேசம்மா தன் கைபேசியை நீட்டினாள். “என்னை எங்க போட்டுருக்கான் பாரு.”

தன்னை எங்கே எண்ணியிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஜெபசீலி தேடினாள். பதில் வந்தது. தேசம்மா வசிப்பது அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் பிரசவக் கட்டடத்தில். அவள் மகன் ரூபன் வசிப்பது மீன் ஏற்றுமதிக் குளிர்கிடங்கில்.

“மீனோட படுத்துருக்கானாம் என் புள்ள” என்றாள் தேசம்மா. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொருவராகக் கைபேசியோடு முன்னால் வந்தார்கள். துப்புரவுக்குப் போகிறவர்கள், காவலாளிகள், முதலாளி வீட்டிலேயே தங்கிப் பிள்ளை பார்க்கிறவர்கள், கிடங்குகளில் பெட்டி அடுக்குகிறவர்கள். நகரத்தின் இரவு வேலை முழுவதும் இவர்கள் தலையில்தான் இருந்தது. வரிசையில் வந்த ஒருவரை ஜெபசீலிக்குத் தெரியும். அந்தோணிசாமி. கடலோரச் சாலையில் ‘கடல்முகம்’ என்ற அடுக்குமாடிக் கோபுரங்களில் அவள் வேலை பார்க்கும் நிறுவனம் அவளுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தது. அங்கே தினமும் அவளுக்குக் கேட் திறந்துவிடுபவர்.

“அண்ணா, நீங்க எங்க கட்டடத்துல குடியிருக்கறதா போட்டிருக்கு.”

“இருக்கேன்ல மேடம்” என்றார் அவர். “கேட்டுக்கு வெளிய, நாற்காலியில.”

*

முதல் விசாரணையில் ஆணையத் தலைவர் மகுடேஸ்வரன் பொறுமையாகவே கேட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி. யாரையும் இடைமறிக்கவில்லை. கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா கணக்கெடுப்பை மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது. எண்ணப்பட்ட இடமே ஒருவரின் வசிப்பிடம். சட்டம் அதைத்தான் சொல்லுது.”

“அப்ப நான் பிரசவ வார்டுலதான் வாழறேனா ஐயா?”

“சட்டப்படி, ஆமாம்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொழில்நுட்ப ஆலோசகர் நிவாஸ் தலையை நிமிர்த்தவேயில்லை. ஜெபசீலி வேலை பார்த்த நிறுவனத்தின் இயக்குநர் அவர். ஆணையத்தின் ஒப்பந்தம் அந்த நிறுவனத்திடம்தான் இருந்தது.

மறுநாள் அவர் அவளைக் கூப்பிட்டார். “நீ நல்ல புரோகிராமர் ஜெபா. உன்னை இழக்க எனக்கு விருப்பமில்லை. எல்லைக்கல் நம்ம சர்வர்லதான் ஓடுது. இனிமே பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டாம். ஆணையம் மட்டும் பயன்படுத்தட்டும்.”

“அது பொதுமக்களுக்காக எழுதினது சார்.”

“பொதுமக்கள்னா யாரு? அந்தம்மாவா? நாளைக்கு ஒவ்வொரு காலனியும் ஒரு வரைபடத்தோட வந்து நின்னா மறுவரையறை எப்ப முடியும்?”

“மெதுவா முடியும். முடியட்டுமே.”

அவர் சர்வரை நிறுத்தினார். அவள் வேலையை விட்டாள். வீட்டைக் காலி செய்து, ஒரு தோழியின் வீட்டு முன்னறைக்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள். சொந்த ஊரான நாசரேத்திலிருந்து அப்பா போன் செய்து, “யாருக்கோ தொகுதி வேணும்னு நீ வேலைய விட்டியாட்டி?” என்று கத்தினார். போனை வைத்துவிட்டு அவள் அழுதாள்.

ஆனால் நிவாஸ் நிறுத்தியது ஒரு சர்வரை மட்டும்தான். நிரல் ஊர் சொத்து. மதுரையில் ஒரு கல்லூரி ஆசிரியர் தன் துறையின் கணினியில் அதை ஏற்றி முகவரியைப் பகிர்ந்தார். கோவையில் இரண்டு மாணவிகள் ஏற்றினார்கள். டொராண்டோவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், ‘இங்கேயும் ஓடுகிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று எழுதினார். ஒன்றை மூடினால் நான்கு திறந்தன. அந்த வாரம் முழுவதும் ஜெபசீலிக்கு வேலையில்லை என்ற நினைப்பே வரவில்லை.

அவள் அலையாத்தி நகருக்குத் திரும்பிப் போனாள். தாங்கள் எண்ணப்பட்ட இடத்தைச் சொல்ல விருப்பமுள்ளவர்கள் சொல்லட்டும், ஒவ்வொருவரையும் வரைபடத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளியாக வைக்கலாம் என்றாள். கணக்கு எவ்வளவு தப்பு என்று நிரூபிக்கத்தான். சங்கத்துப் பெண்கள் மாடி மாடியாக ஏறினார்கள். பக்கத்திலிருந்த மற்றக் குடியிருப்புகளும் சேர்ந்துகொண்டன. புள்ளிகள் நிறைந்தன. ஒரு காலைப்பொழுதில் ஆணையத்தின் வரைவு வரைபடத்தை அந்தப் புள்ளிகளுக்கு மேலே விரித்துப் பார்த்த ஜெபசீலி எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து மருத்துவமனைக்குப் போனாள். வேலை முடிந்து வெளியே வந்த தேசம்மாவை எதிரிலிருந்த டீக்கடையில் உட்காரவைத்தாள்.

“அக்கா, கடலோரச் சாலையில கோபுரங்களுக்கு மட்டும் மூணு தொகுதி குடுத்திருக்காங்க. பாருங்க, ஆரஞ்சு எங்க இருக்கு?”

மூன்று தொகுதிகளும் ஆரஞ்சாக இருந்தன.

“இதெல்லாம் நாமளா?”

“நீங்கதான். அங்க பாதி வீடு பூட்டிக் கிடக்கு. வாங்கிப் போட்டுட்டு யாரும் குடிவரல. குடியிருக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு ஓட்டு சொந்த ஊர்ல. உங்களைக் கழிச்சுப் பார்த்தா அங்க ஒரு தொகுதிதான் வரும். காலி வீட்டுக்குக் காவல் இருக்கறவங்களை எண்ணி, அந்தக் காலி வீட்டுக்கு எம்.எல்.ஏ. குடுத்திருக்காங்க.”

தேசம்மா டீயைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொண்ணும் இருக்குக்கா. ஆளைக் கொண்டுபோய் அங்க வெச்சவங்க ஓட்டை உங்க வீட்டு விலாசத்துலயே விட்டுட்டாங்க. உங்க பேரெல்லாம் இன்னும் அலையாத்தி நகர் வாக்காளர் பட்டியல்லதான் இருக்கு. எண்ணிக்கை அவங்களுக்கு, ஓட்டு மட்டும் வீட்டு விலாசத்துல. ஆனா எண்ணப்பட்ட இடம்தான் வசிப்பிடம்னு ஆணையத் தலைவரே சொல்லிட்டாரு. வசிக்கற இடத்துல ஓட்டுரிமை கேட்டா இல்லன்னு சொல்ல முடியாது. மூணு தொகுதியிலயும் வயசுவந்தவங்கள்ல பாதிக்கு மேல உங்க ஆளுங்க.” ஜெபசீலிக்கு மூச்சு வாங்கியது. “இதைக் காட்டி மிரட்டினாலே போதும். பயந்துபோய்க் கணக்கைத் திருத்திடுவாங்க.”

“மிரட்டறதா?” தேசம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். “நான் இதுவரைக்கும் யாரையும் சும்மா மிரட்டினதில்ல கண்ணு. சொன்னா செஞ்சுருவேன்.”

*

இரண்டாவது விசாரணைக்கு வந்த கூட்டத்துக்கு மண்டபம் போதவில்லை. வராந்தாவிலும் மரத்தடியிலும் நின்றார்கள். பலர் சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தார்கள்.

“உங்க வரைபடத்த நாங்க ஏத்துக்கறோம் ஐயா” என்றாள் தேசம்மா.

மகுடேஸ்வரன் முகம் மலர்ந்தது. நிவாஸ் முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

“ஒரு கோடுகூட மாத்த வேணாம். எங்கள எங்க எண்ணிக்கீறீங்களோ அங்கயே ஓட்டர் லிஸ்டுல எங்க பேரச் சேத்துக் குடுங்க. அது போதும்.”

சங்கத்துப் பெண்கள் விண்ணப்பக் கட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார்கள். அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். நிவாஸ் எழுந்து தலைவரின் காதருகே குனிந்தார். “ஐயா, எண்ணிக்கை வேற, வாக்காளர் பட்டியல் வேற.”

“எப்படி வேற?” என்று மகுடேஸ்வரன் உரக்கவே கேட்டார். நிவாஸ் பதில் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். மண்டபம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் தேசம்மாவையும் ஜெபசீலியையும் தலைவரின் அறைக்கு அழைத்தார்கள். முந்திரி பிஸ்கட்டும் டீயும் வந்தன. அரசாங்கத்தில் பேசியாகிவிட்டது, அலையாத்தி நகருக்கு மட்டும் சிறப்பு அனுமதியின் பேரில் கணக்கைத் திருத்தத் தயார், அதற்கென்று ஒரு தொகுதி உறுதி, விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும் என்றார் மகுடேஸ்வரன்.

ஜெபசீலியின் கண்கள் நிறைந்தன. இதற்காகத்தானே இத்தனை பாடு?

“எங்களுக்கு மட்டுமா?” என்று கேட்டாள் தேசம்மா. “ஓசூருல ஆஸ்டல்ல தங்கி வேல பாக்குற பொண்ணுங்க? திருப்பூருல?”

“அது இந்த விசாரணைக்குள்ள வராதும்மா.”

“சரிங்க ஐயா. கேட்டுட்டுச் சொல்றேன்” என்று அவள் எழுந்தாள். பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

வெளியே வந்ததும் ஜெபசீலி அவள் கையைப் பிடித்தாள். “கேட்டது கிடைச்சிருக்குக்கா. வாங்கிக்கலாம்.”

“கேட்டப்ப குடுக்கல. இப்ப பயத்துல குடுக்கறான். நம்ம வாயை அடைக்கக் குடுக்கறான்.”

“நான் இந்த மென்பொருளை எழுதினது நியாயமா கோடு போடறதுக்கு. கோபுரத்துல குடியிருக்கறவங்களும் மனுஷங்கதானே? அவங்க தொகுதியை நாம எடுத்துக்கிட்டா அதுவும் அநியாயம்தான். எல்லைக்கல்லே அதை அநியாயம்னுதான் காட்டும்.”

“காட்டட்டும்” என்றாள் தேசம்மா. “நான் நியாயம்னு சொல்லலியே. அவன் சட்டம் அநியாயம்னு அவனுக்கே வலிக்கணும். நம்மள மட்டும் சரிபண்ணிட்டா, மத்தவங்களுக்கு இது வலிக்கும்போது கேக்க யாரு இருப்பா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை சமூகக்கூடத்தில் பெரிய சண்டை. இடுப்பில் குழந்தையோடு தரணி என்ற பெண் எழுந்து நின்றாள். “எனக்கு ஓசூரும் தெரியாது, திருப்பூரும் தெரியாது. இவளை ஷேர் ஆட்டோவுல பெத்தேன். எனக்கு ஆஸ்பத்திரி வேணும். குடுக்கறேங்கறான், வேணாங்கறியே நீ?”

“வேணாம்னு சொல்லுன்னு உன்னக் கேக்க எனக்கு வாயில்ல தரணி” என்றாள் தேசம்மா. “ஆனா இந்தச் சட்டம் இருக்கறவரைக்கும் அடுத்த கணக்குல நம்மள மறுபடி கிடங்குல கொண்டுபோய் வைப்பான். அப்ப மிரட்ட நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது. நீ கைய தூக்கு. எந்தப் பக்கம் தூக்கினாலும் நீ என் பொண்ணுதான்.”

கைகளை எண்ணினார்கள். மறுப்பது என்று முடிவானது, கொஞ்ச வித்தியாசத்தில். தரணி கையைத் தூக்காமல் வெளியே போனாள். ஜெபசீலிக்கு அங்கே ஓட்டு இல்லை. அது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இரண்டு நாள் அவள் தேசம்மாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் ஓசூருக்குப் பஸ் ஏறினாள். விடுதிப் பெண்களின் கைபேசிகளை ஒவ்வொன்றாக வாங்கி, அவர்களை எங்கே எண்ணியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

*

தலைவரே எடுத்துச் சொன்ன சட்டத்தை ஆணையத்தால் மறுக்க முடியவில்லை; விண்ணப்பித்தவர்களின் ஓட்டு அவர்கள் எண்ணப்பட்ட இடங்களுக்கே மாறியது. தேர்தல் நாளில் கடல்முகம் கோபுரங்களின் பளிங்குத் தரைத்தளத்தில் வாக்குச்சாவடி. வரிசை லிஃப்ட் வாசலிலிருந்து கேட்டைத் தாண்டிச் சாலை வரைக்கும் நீண்டது. சமையல்காரப் பெண்கள், காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள். இடையிடையே குடியிருப்பவர்கள். “இது எங்க கட்டடம்” என்று ஒருவர் கத்தினார். “எங்க வசிப்பிடமும் இதான் சார், சட்டப்படி” என்றார் அந்தோணிசாமி. அவர் சத்தமே போடவில்லை. வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அன்று அவர் அந்தத் தளத்துச் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

அவரை அடுத்த வாரம் வேலையை விட்டு நிறுத்தினார்கள். இன்னும் பலரை நிறுத்தினார்கள். புதிதாக வந்தவர்களும் அலையாத்தி நகரிலிருந்துதான் வந்தார்கள். வேறு எங்கிருந்து வருவார்கள்?

மூன்று தொகுதியிலும் சங்கத்து ஆட்கள் ஜெயித்தார்கள். கடல்முகம் இருக்கும் தொகுதிக்குத் தேசம்மா எம்.எல்.ஏ. அவள் பேரவையில் கேட்ட முதல் கேள்வி ஆஸ்பத்திரியைப் பற்றி. ஆடு மேய்ந்த சுற்றுச்சுவருக்குள் கட்டடம் எழும்பத் தொடங்கியது. கோபுரவாசிகளையும் அவள் கைவிடவில்லை. லாரித் தண்ணீரில் நடந்த கொள்ளையை அவர்களுக்காக அவள்தான் நிறுத்தினாள். அடுத்தமுறையும் அவளுக்கே ஓட்டு என்று அங்கே சிலர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். “பதவியில நல்லா உட்கார்ந்துட்டாங்க” என்று ஊரில் வேறு மாதிரியும் பேசிக்கொண்டார்கள். ஜெபசீலியின் காதிலும் அது விழுந்தது.

ஓசூரிலும் திருப்பூரிலும் விடுதிப் பெண்கள் தெருவுக்கு வந்த பிறகு, தேசம்மா ஒரு சட்ட முன்வடிவைக் கொண்டுவந்தாள். வேலை செய்யும் இடத்தில் யாரையும் எண்ணக் கூடாது. என் வீடு இது என்று ஒருவர் எதைச் சொல்கிறாரோ அதுவே அவர் வசிப்பிடம். சட்டம் வந்ததும் புதிய கணக்குப்படி எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டு, மக்கள் தரும் வரைபடங்களோடு மறுபடி போடவேண்டும். அரசாங்கம் கட்சிக் கட்டளை எதுவும் போடாமல் உறுப்பினர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

பார்வையாளர் மாடத்தில் ஜெபசீலி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தரணி. குழந்தையை உள்ளே விடவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தவள்.

பேரவைத் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. இது நிறைவேறினால் கடலோரச் சாலையில் ஒரு தொகுதிதான் மிஞ்சும். மாண்புமிகு உறுப்பினரின் தொகுதியே இருக்காது. தெரிந்துதான் கொண்டுவந்தீர்களா?”

“தெரியுங்க தலைவரே” என்றாள் தேசம்மா. அந்தக் குரலுக்கு அங்கேயும் மைக் தேவைப்படவில்லை. “அதுக்குத்தான் உள்ள வந்தேன்.”

கதவுகளைச் சாத்தி வாக்கெடுப்பு நடந்தது. முன்வடிவு மூன்றே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. கடலோரச் சாலையிலிருந்து வந்த மூன்று பேரும் ஆதரித்துத்தான் வாக்களித்திருந்தார்கள்.